“நாய்க்குச் சோறு போட மாட்டீங்களா?” என்று கேட்பவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மண்டபத்துக்கும் புதுமடத்துக்கும் இடையில், தென்கடல் ஓரத்தில் உள்ள ஒரு சின்ன ஊரிலிருந்து எழுதுகிறேன். 28 வருடம் அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். அரசாங்கக் காகிதத்தில்தான் அந்தப் பெயர். ஊருக்கு நான் இன்றும் பால்வாடி டீச்சர். வேலையில் இருந்தபோது பதிவேடு எழுதியே கை ஓய்ந்துவிட்டதால் பத்திரிகைக்கு எழுத நினைத்ததே இல்லை. இப்போது எழுத வைத்திருப்பது ஒரு நாய்.

உங்கள் பத்திரிகையில் நாயைப் பற்றி வருவது பெரும்பாலும் கடித்த செய்திதான். அது வரத்தான் வேண்டும், நானும் ஊசி போட்டுக்கொண்டவள்தான். ஆனால் ஒரு நாயை எடுத்து வைத்துக்கொண்டு, அது ஏன் தேறவில்லை என்று தெரியாமல் திண்டாடுகிறவர்களும் எங்கள் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பட்ட பாட்டைச் சொன்னால் அவர்களில் நாலு பேருக்காவது உதவும்.

கதை மே மாதம் தொடங்குகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பது எல்லோருக்கும் தெரியும். மனிதர்கள் படும் கஷ்டம் செய்தியில் வரும். கரையில் கழிவு மீனை நம்பி வாழும் நாய்களின் கஷ்டம் வராது. நாட்டுப்படகு போகும், வரும். ஆனால் மீன் விலை ஏறிக் கிடக்கும்போது காரல்பொடி போன்ற மலிவான சின்ன மீனைக்கூட யாரும் மணலில் எறிய மாட்டார்கள். போதாததற்குக் கச்சான் என்கிற மேல்காற்று வேறு. அப்படி ஒரு நாளில், வலை பின்னும் கொட்டகையிலிருந்து என் பேரன் ஒரு கடுவன் குட்டியைக் கூட்டிக்கொண்டு வந்தான். குட்டி என்று சொல்கிறேனே தவிர, உயரத்தில் என் முழங்காலைத் தாண்டிவிட்டது. விலா எலும்பை வாசலில் நின்றே எண்ணலாம். இடுப்பு எலும்பு இரண்டும் கொடிக்கம்பம் மாதிரி நின்றன. பேரன் அதற்கு ‘சாவாளை’ என்று பெயர் வைத்தான். ஒல்லியாக, தட்டையாக இருக்கும் அந்த மீனை நினைத்துத்தான். ‘சா’வில் தொடங்கும் பெயர் வீட்டுக்குள் வேண்டாம் என்றேன். சரி என்று முன்னெழுத்தை வெட்டி ‘வாளை’ ஆக்கினான்.

இரண்டாம் நாளே தெருவில் கேள்வி வந்துவிட்டது. “என்ன டீச்சர், ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் சத்துமாவு கிண்டிப் போட்டீங்க, உங்க நாய்க்குச் சோறு போட மாட்டீங்களா?” கேட்டவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குத்தான் உறைத்தது. அந்த ரோஷத்தில் நான் செய்த காரியம், எந்தத் தாய் செய்திருந்தாலும் நான் திட்டியிருப்பேன். ஒரே நாளில் மூன்று வேளையும் தட்டு நிறையச் சோறு, அரை லிட்டர் பால், ராத்திரிக்குக் கோழி ஈரல். வாளை எல்லாவற்றையும் நாலு வாயில் விழுங்கிவிட்டு இன்னும் கேட்டது. மூன்றாம் நாள் காலை கொல்லையெல்லாம் தண்ணீராகப் போய் வைத்திருந்தது. ஐந்தாம் நாள், வந்த அன்று இருந்ததைவிட ஒல்லியாகத் தெரிந்தது.

மெலிந்த பிள்ளைக்கு ஒரேயடியாகச் சோற்றைத் திணிக்கக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும் என்று நூறு தாய்மார்களுக்குச் சொன்னவள் நான். நாய் என்றதும் அந்தப் புத்தி எங்கே போனதோ தெரியவில்லை. பாலும் அப்படித்தான். தாய்ப்பால் மறந்த நாய்கள் பலவற்றுக்குப் பாலில் இருக்கும் சர்க்கரை செரிக்காது, வயிறு கழியும். இதை டாக்டரம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

கால்நடை மருந்தகத்தில் இருந்த டாக்டரம்மா முதலில் வயிற்றைப் பார்க்கவில்லை. உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். வெளுத்துப் போயிருந்தது. பிள்ளைகளுக்குக் கண்ணின் கீழ் இமையை இழுத்துச் சோகை பார்ப்போமே, அதே வேலை. பல்லைப் பார்த்து எட்டு மாதம் இருக்கும் என்றார். காது மடலின் உள்ளே உண்ணி கொத்தாக இருந்ததைக் காட்டினார். மலத்தைச் சோதித்துப் பார்த்ததில் கொக்கிப்புழு முட்டை. நான் சுருட்டிச் சுருட்டிப் போட்டதில் பாதியைப் புழு தின்றுவிட்டது என்று நினைத்தேன். அவர் திருத்தினார்: கொக்கிப்புழு சோற்றைத் தின்பதில்லையாம், குடல் சுவரைக் கவ்விக்கொண்டு ரத்தத்தைக் குடிக்கிறது. ஈறு வெளுத்ததற்கும் அதுதான் காரணம்.

இது நாயோடு நிற்கிற விஷயம் இல்லை என்பதால் இரண்டு வரி கூடுதலாக எழுதுகிறேன். கொக்கிப்புழுவின் குஞ்சு ஈர மணலில் உயிரோடு இருக்கும். பாதத் தோலைத் துளைத்துக்கொண்டு ஏறும். நாய்களின் புழு மனிதத் தோலுக்குள் புகுந்தால் குடலுக்குப் போகத் தெரியாமல் தோலுக்கடியிலேயே ஊர்ந்து, சிவப்பாக வளைந்து வளைந்து தடம் போடும், அரிப்பு தாங்காது. அந்தத் தடத்தை எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் காலில் நான் பார்த்திருக்கிறேன். சொறி என்று மஞ்சள் பூசி விட்டிருப்பார்கள். பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேசிய குடற்புழு நீக்க நாளில் பிள்ளைகளுக்கு மாத்திரை கொடுக்கிறோம். அதே மணலில் புரளும் நாய்க்கும் கொடுத்தால்தானே கணக்குச் சரியாகும்? வளர்ந்த நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்றார் டாக்டரம்மா. வாளைக்கு அன்று ஒரு தடவை, இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை.

மாத்திரையில்தான் நான் இந்தக் கடிதத்தை எழுதக் காரணமான விஷயம் வந்தது. எங்களுக்குத் தந்த மாத்திரை 10 கிலோ எடைக்கு ஒன்று. வாளை எத்தனை கிலோ? மருந்தகத்தில் நாயை நிறுக்கத் தராசு இல்லை. ஆடு மாட்டுக்குக் கண் அளவுதான், நாய்க்கும் கண் அளவுதான். உயரத்தைப் பார்த்து “15 இருக்கும், ஒன்றரை கொடுங்க” என்றார்கள். டாக்டரம்மாவைக் குறை சொல்லவில்லை, கையில் தராசு இல்லாதவர் வேறு என்ன செய்வார்? ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை. 28 வருடம் மாதாமாதம் பிள்ளைகளைச் சால்டர் தராசில் தொங்கவிட்டு, 100 கிராம் பிசகாமல் அட்டையில் புள்ளி வைத்தவள். அந்தத் தராசு 25 கிலோ வரை தாங்கும். கையில் இருந்திருந்தால் வாளையையும் வேப்பமரத்தில் கட்டித் தொங்கவிட்டிருப்பேன். ஓய்வு பெறும்போது ஒப்படைத்துவிட்டேன்.

மறுநாள் காலை கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மீன் எடுக்கும் கம்பெனித் தம்பியிடம் மின்னணுத் தராசு இருக்கிறது. நண்டுக் கூடையைக் கழுவி, தராசின் மேல் வைத்து, எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, பேரன் வாளையைத் தூக்கி உள்ளே இறக்கினான். நாலு காலும் நாலு பக்கம் விரிய, கூடையின் விளிம்பைப் பல்லால் கவ்விக்கொண்டு அது நின்ற நிலையைப் பார்க்க வேண்டும். பிறகு விளிம்பை விட்டுவிட்டு, அடியில் ஒட்டியிருந்த ஐஸ் துணுக்கை நக்கத் தொடங்கியது. எண் ஓடி ஓடி ஒரு இடத்தில் நின்றது: 10.6. சுற்றி நின்றவர்களில் ஒருவர், “வாளை இன்னைக்கு என்ன விலைக்குப் போகும் டீச்சர்?” என்றார். நான் சிரிக்கவில்லை. 15 எங்கே, 10.6 எங்கே! மருந்தகத்துக்குத் திரும்பப் போய்ச் சொன்னேன். மாத்திரை ஒன்றாகக் குறைந்தது. சோகைக்குத் தந்த இரும்புச்சத்து டானிக்கின் அளவும் குறைந்தது.

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் கூடையில் வாளை. முதல் வாரம் 10.5 என்று 100 கிராம் இறங்கியது. பதறினேன். புழு போன பிறகுதான் ஏறும், பொறுங்கள் என்றார் டாக்டரம்மா. பிறகு 10.8, அப்புறம் 11.2. பழைய எடை அட்டை ஒன்றை எடுத்துப் புள்ளி வைத்துக் கோடு இழுத்தேன். பேரன் அதில் பச்சை, மஞ்சள், சிவப்பு வண்ணம் தீட்டிச் சுவரில் ஒட்டியிருக்கிறான். நாய்க்கு அந்த வண்ணக்கோடுகள் பொருந்தாது என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

என்ன போட்டேன் என்று கேட்பவர்களுக்கு: தொடக்கத்தில் ஒரு நாளைக்கு நொய் அரிசி 150 கிராம் குழைய வேகவைத்தது, முள் எடுத்த மீன் 200 கிராம், அவித்த முட்டை ஒன்று, ஒரு கைப்பிடி பரங்கிக்காய், ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய். உப்பு, புளி, காரம் எதுவும் கிடையாது. அதை மூன்று வேளையாகப் பிரித்தேன். மலம் கெட்டியாகப் போகிறதா என்று பார்த்து, போனால் மட்டும் வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு கூட்டினேன். இளகினால் பழைய அளவுக்கே திரும்பினேன். எண்ணெய் எதற்கு என்றால், ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, மாவுச்சத்திலும் புரதத்திலும் 4 தான். பயிற்சி வகுப்பில் மனப்பாடம் செய்தது இப்போது பயன்பட்டது. ஆனால் கரண்டிக் கணக்கைத் தாண்டினால் வயிறு கழியும். சோறும் மீனும் மட்டும் வளரும் எலும்புக்குப் போதாது என்று டாக்டரம்மா தாதுப்பொடி எழுதிக் கொடுத்தார். அது நல்லது என்று அள்ளிப் போடக் கூடாதாம், சுண்ணாம்புச்சத்து மிஞ்சினாலும் வளரும் எலும்பு கோணும்.

காரலைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியாது. மலிவு, நல்ல மீன், ஆனால் முள் பஞ்சு மாதிரி. நான் அதைக் கொஞ்சம் தண்ணீரில் வேகவைத்து, மாவு சலிக்கும் பழைய சல்லடையில் போட்டு, உருளைக்கிழங்கு மசிக்கும் மத்தால் தேய்ப்பேன். சதை கூழாகக் கீழே இறங்கும், முள் மேலே நிற்கும். கால் மணி நேர வேலை. அந்தக் கால் மணி நேரமும் வாளை என் பாதத்தின் மேல் உட்கார்ந்திருக்கும், பக்கத்தில் இல்லை, பாதத்தின் மேலேயே. ஜூலை பிறந்ததும் அந்தப் பாதத்தில் கனம் கூடியது தராசுக்கு முன்னால் எனக்குத் தெரிந்தது.

பச்சை மீன் போட்டால் சீக்கிரம் தேறும் என்று சொல்லாத ஆள் இல்லை. சில மீன்களில் பி1 வைட்டமினை அழிக்கும் பொருள் ஒன்று பச்சையாக இருக்கும்போது உண்டு. வேகவைத்தால் அது செத்துவிடும். தினமும் பச்சையாகப் போட்டால் மெலிந்த நாய் இன்னும் கெடும். கருவாட்டுத் தலை வேண்டவே வேண்டாம், முழுக்க உப்பு. வேகவைத்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். வெங்காயம் போட்ட குழம்புச் சோறும் கூடாது, வெங்காயம் நாயின் ரத்தத்தைக் கெடுக்கும். ஏற்கெனவே சோகை பிடித்த நாய்க்குக் கேட்கவே வேண்டாம்.

எல்லாவற்றையும்விடப் பயம், வயிறு பந்து மாதிரி உப்பும் பேத்தை மீன். வலையில் ஏறும் பேத்தையை நம் ஆட்கள் மணலில் எறிந்துவிட்டுப் போகிறார்கள். சின்னப் பிள்ளைகள் அதன் வயிற்றை அமுக்கி விளையாடுவார்கள். அதன் விஷம் வேகவைத்தாலும் போகாது. அதைத் தின்ற நாய் ஒன்று பின்னங்கால் இழுத்து, பிறகு முன்னங்காலும் விழுந்து, விழித்த கண்ணோடு மூச்சு அடங்கிப் போனதை நான் பார்த்திருக்கிறேன். கரைக்குப் போகும்போது வாளைக்குக் கயிறு கட்டுவது அதனால்தான். ஒரு நாள் கயிறு நழுவியதில் எதையோ தின்றுவிட்டு வந்து இரண்டு நாள் வாந்தி. பேத்தை இல்லை, அழுகிய சூடை மீனாக இருக்கும். அந்த வாரம் அட்டையில் கோடு 300 கிராம் கீழே குத்தி நிற்கிறது. தூண்டில் முள் குத்திய மீன் துண்டுகளும் கரையில் கிடக்கின்றன, சொல்லிக்கொண்டே போகலாம்.

இப்போது இன்னொரு பக்கம். ஆகஸ்ட் தொடக்கத்தில் 13 கிலோ தொட்டதும் எனக்கு ஆசை கூடிவிட்டது. எதிர்வீட்டு நாய் பானை மாதிரி இருக்கும், அதைப் போல ஆக்கிவிட வேண்டும் என்று நினைத்தேன். டாக்டரம்மா என் கையைப் பிடித்துக் காட்டினார். முஷ்டியை மடக்கி அதன் கணுக்களைத் தடவினால் எப்படி இருக்கிறதோ அப்படி விலா இருந்தால் நாய் மெலிவு. கையை நீட்டிப் புறங்கையைத் தடவுகிற மாதிரி இருந்தால் சரி. உள்ளங்கையின் மேடு மாதிரி எலும்பே தட்டுப்படாவிட்டால் கொழுப்பு. 1 முதல் 9 வரை அவர்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. 4, 5 நல்ல உடம்பு. வாளை வந்தபோது 2. இப்போது 4. எதிர்வீட்டு நாய்க்கு 8 கொடுக்கலாம் என்று நினைக்கிறேன், அவர்களிடம் சொல்லவில்லை.

வாளையின் நீண்ட மூஞ்சியையும் உள்வாங்கிய வயிற்றையும் பார்த்தால் எங்கோ சிப்பிப்பாறைக் கலப்பு இருக்கும் என்கிறார்கள். அந்த ஜாதிக்கு வயிறு ஒட்டித்தான் இருக்கும், ஓடப் பிறந்த உடம்பு. தவிர, இந்த வயதில் எலும்பு முதலில் நீளும், சதை பிறகுதான் பிடிக்கும். 13 வயதுப் பையன்கள் ஒட்டடைக்கம்பு மாதிரி நிற்பதில்லையா? அவர்களை யாரும் பட்டினி போட்டதாகச் சொல்வதில்லை. வளரும் நாயை அவசரமாகக் கொழுக்க வைத்தால் மூட்டுதான் கெடும். ஆக, தெருவில் கேட்பவர்களுக்கு என் பதில்: கடைசி இரண்டு விலா கொஞ்சம் தெரிந்தால் தெரியட்டும். முதுகெலும்பும் இடுப்பெலும்பும் துருத்திக்கொண்டு நிற்கும் நாயைப் பார்த்தால் அப்போது கேளுங்கள், அதுவும் “சோறு போட மாட்டீங்களா” என்று கேட்காமல், “புழு மாத்திரை கொடுத்தீங்களா” என்று கேளுங்கள்.

“பிள்ளைகளுக்கே இல்லை, நாய்க்கு முட்டையா?” என்று கேட்டவர்களும் உண்டு. அந்தக் கேள்வியை நான் தள்ளிவிட மாட்டேன். பால்வாடியில் முட்டையின் அருமை தெரிந்தவள். வாரத்துக்கு ஏறக்குறைய 300 ரூபாய் என் ஓய்வூதியத்திலிருந்து போகிறது, வெற்றிலையைக் குறைத்துக்கொண்டேன். அதற்கு மேல் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

கோரிக்கைக்கு வருகிறேன். கிராமப்புறக் கால்நடை மருந்தகங்களுக்கு, நாயும் ஆட்டுக்குட்டியும் ஏறி நிற்கும் அளவில் ஒரு மேடைத் தராசு வேண்டும். புழு மாத்திரை, இரும்பு டானிக், மயக்க ஊசி எல்லாமே கிலோ கணக்கில் கொடுக்கிற மருந்து. பெரிய செலவு இல்லை; மீன் கம்பெனி வைத்திருக்கிற தராசு அரசாங்கத்துக்கு முடியாததா? ஜூலை 6 விலங்குவழி நோய்கள் தினத்தில் வெறிநோய்த் தடுப்பூசி இலவசமாகப் போடுகிறார்கள். வாளைக்கும் அன்றுதான் போட்டோம், நல்ல கூட்டம். அந்த ஒரு நாளிலாவது வாசலில் ஒரு தராசு வைத்து, எடையை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் போதும். 1962 என்ற எண்ணில் வரும் கால்நடை ஆம்புலன்ஸ் வண்டியிலும் ஒன்று இருந்தால் கரையோர ஊர்களுக்குப் பெரிய உதவி. உங்கள் பத்திரிகையும் கால்நடைப் பக்கத்தில் மாடு, ஆடு, கோழியோடு நாய்க்கும் மாதம் அரைப் பத்தி ஒதுக்கலாம்.

அதுவரை எங்களுக்குக் கம்பெனித் தராசுதான். அதிலும் போன மாதம் ஒரு சிக்கல். தம்பி பழக்கதோஷத்தில் எடையைக் கொள்முதல் நோட்டில் எழுதி வைத்துவிட்டான், கணவாய்க்கும் நண்டுக்கும் நடுவில், ‘வாளை 13.4’ என்று. மாதக் கடைசியில் இராமநாதபுரத்திலிருந்து கணக்குப் பார்க்க வந்தவர், சரக்கு எங்கே, யாருக்கு விற்றாய், பணம் எங்கே என்று பிடித்துக்கொண்டார். என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். நான் வாளையையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி ஒரு தடவை பார்த்தார், நோட்டில் அந்த வரியை அடித்தார், “இன்னும் கொஞ்சம் சோறு போடலாமே டீச்சர்” என்றார்.

போன ஞாயிறு 14.3. டாக்டரம்மா 16-க்குள் நிறுத்தச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
மண்டபம் வட்டாரம், இராமநாதபுரம் மாவட்டம்.